வெயில் ஏறும் மாதங்களில் நாயோடு மெதுவோட்டம்: பினாங்கில் புதிதாகத் தொடங்குவோருக்கு

தைப்பூசம் முடிந்ததும் பினாங்கில் வெயிலின் குணம் மாறிவிடுகிறது. ஆண்டிறுதி மழை ஓய்ந்து, பிப்ரவரியும் மார்ச்சும் வானம் வெளுத்துக் கிடக்கும். ஏப்ரல் முதல் வாரத்தில் உச்சி வேளைச் சூரியன் நேராகத் தலைக்கு மேலேயே நிற்கும். தமிழ்நாட்டு நாட்காட்டியில் கத்திரி வெயில் மே மாதத்தில்தான் வரும். அதை நம்பி இங்கே இருந்தால், வெயில் வந்து பாதி முடிந்த பிறகுதான் விழித்துக்கொள்வோம். மழைக்காலத்தில் நாயோடு ஓடத் தொடங்கியவர்கள் சரியாக இந்த மாதங்களில்தான் தடுமாறுகிறார்கள். அதே நாய், அதே பாதை, அதே தூரம்தான். ஆனால் நாயின் உடம்பு படும் பாடு வேறு.

நாயோடு ஓடுவதைப் பற்றி இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி ஐரோப்பாவிலிருந்து வருபவை. அங்கே இடுப்புப் பட்டையில் நாயைக் கட்டிக்கொண்டு ஓடும் கானிக்ராஸ் என்ற விளையாட்டு உண்டு. குளிர்காலம்தான் அதற்குப் பருவம். வெயில் வந்ததும் பலர் குறைத்துக்கொள்வார்கள், அல்லது நிறுத்திவிடுவார்கள். நமக்கோ அதிகாலையிலேயே 24, 25 டிகிரி. அவர்கள் நிறுத்தும் இடத்தில்தான் நம் நாள் தொடங்குகிறது. அதனால் அந்த அறிவுரைகளை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். நாய் தானாக நிற்காது. நீங்கள் ஓடும்வரை அதுவும் ஓடும்; முடியாமல் போன பிறகும் ஓடும். எங்கே நிறுத்துவது என்பது முழுக்க உங்கள் பொறுப்பு.

நாயின் உடம்பு எப்படிக் குளிர்கிறது

நமக்கு உடம்பு முழுக்க வியர்க்கும். நாய்க்குப் பாதத்தில் கொஞ்சம் வியர்ப்பதோடு சரி. மற்றபடி அது நம்பியிருப்பது இளைப்பை மட்டுமே. நாக்கிலும் வாயிலும் மூக்கிலும் உள்ள ஈரம் ஆவியாகும்போது உடல் சூடு தணிகிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் இந்த ஆவியாதல் மந்தமாகிவிடும். பினாங்கில் விடிகாலையில் ஈரப்பதம் பெரும்பாலும் 90 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். ஆகவே காலையில் குளுகுளுவென்று இருக்கிறது என்று நமக்குத் தோன்றினாலும், நாய்க்கு அது பாதிக் குளிர்ச்சிதான். கைப்பேசியில் வெப்பநிலையைப் பார்க்கும்போது ஈரப்பதத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39.2 டிகிரி வரை. ஓடும்போது இது ஏறத்தான் செய்யும். 41 டிகிரியைத் தாண்டினால் மூளை, சிறுநீரகம், குடல் என்று உள்ளுறுப்புகள் கெட ஆரம்பிக்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் நாயை விட்டால் ஆபத்து என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பிரிட்டனில் 2016-ஆம் ஆண்டின் மருத்துவப் பதிவுகளை, ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்களுடையவற்றை, ஆராய்ந்தபோது வேறொன்று தெரிந்தது. வெப்பத்தால் நோயுற்ற நாய்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று, ஓட்டம், நடை, விளையாட்டு போன்றவற்றால்தான் அந்த நிலைக்கு வந்திருந்தன. குளிர் நாட்டிலேயே இந்த நிலைமை என்றால், நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

முதலில்: உங்கள் நாய் ஓடத் தகுந்ததா?

பக், ஷிட்ஸு, பிரெஞ்சு புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களை ஓட வைக்கவே கூடாது. அவற்றின் மூச்சுக்குழாய் அமைப்பே இளைப்புக்கு இடம் கொடுப்பதில்லை. அவற்றோடு நடங்கள், அது போதும். உடல் பருத்த நாய், வயதான நாய், இதய நோய் உள்ள நாய் இவற்றுக்கும் அதேதான். ஹஸ்கி போன்ற அடர்ந்த முடி நாய்களை இந்த மாதங்களில் ஓட வைக்காமல் இருப்பது நல்லது. சூடாக இருக்கிறதே என்று அவற்றின் முடியை மழித்துவிடாதீர்கள். உதிர்ந்த உள்முடியைச் சீவி எடுத்தால் போதும்.

குட்டிகளுக்கு எலும்பின் வளர்ச்சிப் பகுதி மூடும்வரை தொடர் ஓட்டம் வேண்டாம். சிறிய இனங்களுக்கு ஏறக்குறைய ஒரு வயது, பெரிய இனங்களுக்கு ஒன்றரை வயது அல்லது அதற்கும் மேல் ஆகும். என் அனுபவத்தில் நம் ஊருக்கு மிகவும் ஏற்றவை நம்மூர்க் கலப்பு நாய்கள்தாம். குட்டையான முடி, நீண்ட மூக்கு, ஒல்லியான உடல். ஆனாலும் அவற்றுக்கும் எல்லை உண்டு. கறுப்பு நிற நாயாக இருந்தால் வெயிலில் இன்னும் சீக்கிரம் சூடேறும்.

ஓட்டம் தொடங்கும் முன் ஒருமுறை கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். இதயம், மூட்டு, எடை மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். 2015-இல் பினாங்கு, கெடா, பெர்லிஸ் மாநிலங்களில் வெறிநாய்க் கடி நோய் பரவியது பலருக்கு நினைவிருக்கும். வெளியே தெருநாய்களைச் சந்திக்கப் போகும் நாய்க்கு அந்தத் தடுப்பூசி கட்டாயம் இருக்க வேண்டும். ஓடைகளும் தேங்கிய நீரும் உள்ள இடங்களில் ஓடுவதானால் எலிச்சிறுநீர்க் காய்ச்சலுக்கான ஊசியைப் பற்றியும் கேளுங்கள். நாய் உரிமம் தீவில் இருப்பவர்களுக்குப் பினாங்கு மாநகர் மன்றத்திடமும், பெருநிலத்தில் இருப்பவர்களுக்குச் செபராங் பிறை மாநகர் மன்றத்திடமும் எடுக்க வேண்டியது. அதை எடுத்துக் கழுத்துப் பட்டையில் மாட்டிவிடுங்கள்.

தேவையான பொருள்கள்

அதிகம் இல்லை. கழுத்தில் கயிறு கட்டி ஓட வேண்டாம். இழுக்கும்போது மூச்சுக்குழாய் அழுந்தும், இளைப்புக்கு அதுவே தடையாகும். நெஞ்சைச் சுற்றி வரும் ஹார்னஸ் வாங்குங்கள். அகலமான துணி போர்த்தினது போன்றது வேண்டாம், உடம்பைக் குறைவாக மூடும் மெல்லிய பட்டை போதும். இரண்டு மீட்டர் நீளக் கயிறு. தானாகச் சுருண்டு நீளும் கயிறு ஓட்டத்துக்கு ஆகாது. நாய் வாயைத் திறந்து இளைக்க முடியாதபடி இறுக்கும் துணி முகமூடி எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

மடிக்கக்கூடிய கிண்ணம், தண்ணீர். தண்ணீர் குறைந்தது ஒரு லிட்டராவது இருக்கட்டும், ஏனென்றால் அது குடிப்பதற்கு மட்டுமல்ல, நாயின் மேல் ஊற்றவும்தான். இருட்டில் ஓடுவதால் ஒளிரும் கழுத்துப் பட்டை ஒன்று. கழிவை அள்ள நெகிழிப்பை. அருகில் இரவிலும் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை எது என்று இன்றே விசாரித்து, அதன் எண்ணைக் கைப்பேசியில் பதிந்து வையுங்கள். கடையில் வாங்கும் எந்தப் பொருளையும்விட இது முக்கியம்.

எப்போது ஓடுவது

அதிகாலைதான். வேறு நேரம் இரண்டாம் பட்சம்.

நம் கடிகாரம் சூரியனைவிட முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறது; 1982-இல் அதை இன்னும் அரை மணி நேரம் முன்னால் தள்ளினார்கள். பிப்ரவரியில் பினாங்கில் சூரியன் உதிக்க ஏறக்குறைய ஏழரை ஆகிவிடும். நாயோடு ஓடுபவருக்கு இது ஒரு வரம். ஆறு மணிக்குப் புறப்பட்டு ஏழு மணிக்கு வீடு திரும்பினால் வெயிலே படாமல் முடித்துவிடலாம். அந்த நேரத்தில் தார்ச்சாலையும் இரவு முழுக்கக் குளிர்ந்திருக்கும்.

வேலைக்குப் போகிறவர்கள் மாலையில்தான் முடியும் என்பார்கள். சரி, ஆனால் மாலை ஆறு மணி வேண்டவே வேண்டாம். கடல்காற்று அடிப்பதால் நமக்கு இதமாக இருக்கும். தரை அப்படி இருக்காது. பகல் முழுவதும் குடித்த சூட்டைத் தார் கக்கிக்கொண்டிருக்கும். காற்று 30 டிகிரியைத் தொட்ட நாளில் வெயில் படும் தார் 55 டிகிரியைத் தாண்டிவிடலாம். தைப்பூசத்தன்று வெறுங்காலோடு தண்ணீர்மலைக்கு நடந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாயும் ஒவ்வொரு நாளும் வெறுங்காலோடுதான் வருகிறது. புறங்கையைச் சாலையில் ஏழு விநாடி அழுத்தி வையுங்கள். வைக்க முடியவில்லையென்றால் திரும்பிப் போங்கள். மாலை ஓட்டத்தை இரவு எட்டரை, ஒன்பதுக்குத் தள்ளினால் பெரும்பாலும் பிரச்சினை இருக்காது.

ஓடுவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன் நாய்க்குச் சோறு போடாதீர்கள். நெஞ்சு ஆழமான நாய்களுக்கு வயிறு முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு, அது உயிரையே கொண்டுபோகும். நாய் பசியாறுவது ஓட்டம் முடிந்து, இளைப்பு அடங்கி, குறைந்தது ஒரு மணி நேரம் கழித்து.

எங்கே ஓடுவது

தொடக்கத்துக்கு உங்கள் தாமானைச் சுற்றியுள்ள தெருக்களே போதும். காரணம், எந்தக் கட்டத்தில் நிறுத்தினாலும் ஐந்து நிமிடத்தில் வீடு. தூரமான நேர்ப்பாதையைத் தேர்ந்தெடுத்தால், நாய் களைத்த இடத்திலிருந்து அதே தூரத்தைத் திரும்பவும் கடந்தாக வேண்டும். சின்னச் சுற்றாக, வீட்டை அடிக்கடி கடந்து போகும் பாதையாக அமைத்துக்கொள்ளுங்கள்.

கர்ப்பால் சிங் டிரைவ் கடலோரம் சமதளமானது, ஆனால் கிழக்கே கடல். விடிந்ததும் வெயில் முகத்தில் அடிக்கும். அங்கே ஓடுவதானால் சூரியன் எழும் முன் முடித்துவிடுங்கள். பத்து பெரிங்கி மணல் பாதத்துக்கு நல்லது; ஈரமான மணலில் மட்டும் ஓடுங்கள், காய்ந்த மணல் கால் தசையை வாட்டும், பகலில் சுடவும் செய்யும். கடல்நீரைக் குடிக்க விடக்கூடாது. ஆயர் ஈத்தாம் அணைக்கட்டுப் பக்கம் கொஞ்சம் உயரம் என்பதால் சூடு சற்றுக் குறைவு, மரநிழலும் உண்டு. ஆனால் ஏறிப் போகும் சாலை செங்குத்து; அதை நடந்து ஏறுங்கள். தாவரவியல் பூங்கா பக்கத்திலிருந்து பினாங்குக் கொடிமலைக்குப் போகும் ஜீப் பாதை நிழலாகத்தான் இருக்கும். மலை 833 மீட்டர். புதிதாகத் தொடங்கும் நாய்க்கு அந்த ஏற்றம் அதிகம், இறக்கத்தில் ஓடினால் முன்னங்கால் மூட்டுகள் அடிவாங்கும். போதாக்குறைக்கு அந்தப் பக்கம் குரங்குகள் வேறு. நாயைக் கண்டால் அவை கூட்டமாக வரும். எந்தப் பூங்காவானாலும் நுழைவாயில் பலகையில் நாய்க்கு அனுமதி உண்டா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

பாதையில் முஸ்லிம் அண்டை வீட்டார் எதிரே வந்தால் கயிற்றைச் சுருக்கி, ஓரமாக நின்று, வழி விடுங்கள். நாயின் எச்சில் பட்டால் அவர்கள் ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்த நீரால், கழுவ வேண்டும். நாம் வேறு நாயை நனைத்துக் கூட்டிப் போகிறோம். ஈரமான நாய் உடம்பை உதறினால் தெறிக்கும். அதை நினைவில் வைத்து இன்னும் இரண்டடி தள்ளி நின்றால், அடுத்த முறை அவர்களே சிரித்துத் தலையசைப்பார்கள். நாயோடு ஓடுபவர்களுக்கு இந்த ஊரில் இடம் இருப்பதும் இல்லாமல் போவதும் இப்படிச் சின்ன மரியாதைகளில்தான் இருக்கிறது.

முதல் சில வாரங்கள்

முதல் வாரம் மொத்தம் பதினைந்து நிமிடம். ஐந்து நிமிடம் நடை, அப்புறம் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மாறி மாறி. நாயின் வேகத்துக்கு ஓடுங்கள், உங்கள் வேகத்துக்கு அல்ல. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். இரண்டாம் வாரம் இருபது நிமிடம். மூன்றாம் வாரத்திலிருந்து ஓடும் நேரத்தை இரண்டு நிமிடமாகக் கூட்டலாம். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை மொத்தம் அரை மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பத்துக் கிலோமீட்டர் ஓட ஆசையா? முதலில் நாயோடு அரை மணி, அதை வீட்டில் விட்டுவிட்டு மீதியைத் தனியாக ஓடுங்கள்.

உடம்பு வெயிலுக்குப் பழகக் குறைந்தது இரண்டு வாரமாவது பிடிக்கும். இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. பகலும் இரவும் குளிர்சாதன அறையில் படுத்துக் கிடக்கும் நாய், பினாங்கிலேயே பிறந்து வளர்ந்திருந்தாலும் வெயிலுக்குப் பழகியது ஆகாது. அப்படிப்பட்ட நாயை இன்னும் மெதுவாகக் கொண்டுவாருங்கள்.

புறப்படும் முன் கொஞ்சம் தண்ணீர் குடிக்கக் கொடுத்து, வயிறு, தொடை இடுக்கு, நெஞ்சு மூன்றையும் நனைத்துவிடுங்கள். முதுகில் மட்டும் ஊற்றினால் அடர்ந்த முடியில் தங்கிவிடும், தோலுக்குப் போகாது.

நாயைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க முடியும் என்றால் இதைப் படியுங்கள்.

சாதாரண இளைப்பில் நாக்கு தளர்வாகத் தொங்கும், நாய் அவ்வப்போது வாயை மூடி எச்சில் விழுங்கும், சுற்றிலும் மோப்பம் பிடிக்கும், அழைத்தால் திரும்பும். இது சரி. நாக்கு நுனியில் அகன்று கரண்டிபோல் விரிந்து, ஓரங்கள் சுருண்டு, வாயை மூடவே முடியாமல் இளைத்தால் சூடு ஏறிவிட்டது என்று பொருள். உடனே ஓட்டத்தை நிறுத்தி நிழலுக்குப் போங்கள். முன்னால் போய்க்கொண்டிருந்த நாய் உங்கள் பக்கத்துக்கு வந்து, பிறகு பின்னால் விழுந்தால் அதுவும் அதே சேதிதான். கயிறு பின்பக்கம் இழுபட்ட கணத்தில் அன்றைய ஓட்டம் முடிந்தது. இழுத்துக்கொண்டு போகாதீர்கள், செல்லமாகத் தட்டிக் கொடுத்து உற்சாகப்படுத்தவும் வேண்டாம். உங்கள் குரலைக் கேட்டால் அது முடியாவிட்டாலும் எழுந்து ஓடும்.

ஈறைப் பார்க்கப் பழகுங்கள். வீட்டில் ஓய்வாக இருக்கும்போது உதட்டைத் தூக்கிப் பார்த்து, அதன் இயல்பான நிறத்தை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். ஓடும்போது அது செக்கச்சிவந்து போனாலோ, பிறகு வெளிறினாலோ ஆபத்து. எச்சில் பசைபோல் கெட்டியாவது, கண்கள் நிலைகுத்துவது, பின்னங்கால் தள்ளாடுவது, வாந்தி, இரத்தம் கலந்த கழிச்சல், வலிப்பு, மயக்கம். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அது மருத்துவ அவசரம்.

இன்னொன்று: ஓட்டத்தை நிறுத்தியதும் உடல் சூடு உடனே இறங்காது. சில நிமிடங்கள் ஏறிக்கொண்டே போகும். ஆகவே இளைப்பு மோசமான பிறகு நிறுத்தலாம் என்று காத்திருப்பது தாமதம். கொஞ்சம் நன்றாக இருக்கும்போதே நிறுத்த வேண்டும்.

சூடு தாக்கிவிட்டால்

முதலில் குளிர்விப்பது, அப்புறம் மருத்துவமனை. இந்த வரிசையை மாற்றாதீர்கள். குளிர்விக்காமல் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினால், போக்குவரத்து நெரிசலில் உறுப்புகள் வெந்துகொண்டே இருக்கும்.

நிழலுக்குக் கொண்டுபோய், கையில் உள்ள தண்ணீர் முழுவதையும் உடம்பில் ஊற்றுங்கள். தீர்ந்துவிட்டால் பக்கத்துக் கடையில், வீட்டில், யாரிடமாவது கேளுங்கள். குழாய்த் தண்ணீர் போதும். நாயின் உடம்பைவிடக் குளிர்ந்த எந்தத் தண்ணீரும் உதவும். பழங்காலத்தில் குளிர்ந்த நீர் அதிர்ச்சி கொடுத்துவிடும் என்று பயமுறுத்துவார்கள். அந்தப் பயத்தால் தயங்கி நின்ற நேரம்தான் பல நாய்களைக் கொன்றிருக்கும். ஊற்றிக்கொண்டே விசிறுங்கள், சட்டையைக் கழற்றியாவது விசிறுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி வைக்காதீர்கள். கொஞ்ச நேரத்தில் அது சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும். நினைவு இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுக்கலாம். மயங்கிய நாயின் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும்.

அப்படியே ஒருவர் மருத்துவமனைக்கு அழைத்துச் சொல்லட்டும். காரில் குளிர்சாதனத்தை முழு வேகத்தில் வைத்து, நனைந்த நாயைக் காற்று படும்படி படுக்க வைத்துக் கொண்டுபோங்கள். வழியிலேயே எழுந்து வாலாட்டினாலும் திரும்பிவிடாதீர்கள். சிறுநீரகப் பாதிப்பும் இரத்தம் உறைவதில் கோளாறும் பல மணி நேரம் கழித்துத்தான் வெளியே தெரியும்.

தலையை நனைக்கப் பழக்குங்கள்

அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வேலை செய்யும் நாய்களை வைத்து ஆராய்ந்து, 2024-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஓடி முடித்த நாய் தானாகத் தலையை நீரில் முக்கி எடுத்தால், அவர்கள் ஒப்பிட்டுப் பார்த்த மற்ற வழிகளைவிட வேகமாகச் சூடு தணிகிறது. இதை வீட்டிலேயே பழக்கலாம். அகலமான பாத்திரத்தின் அடியில் நாய்க்குப் பிடித்த தின்பண்டத்தைப் போடுங்கள், முதலில் தண்ணீர் இல்லாமல். அப்புறம் அடி நனையும் அளவுக்கு. பிறகு நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டிக்கொண்டே போங்கள். நாய் தானாக மூச்சடக்கி முகத்தை உள்ளே விட வேண்டும். நீங்கள் தலையைப் பிடித்து அழுத்தக்கூடாது, தள்ளாடும் நாயிடமும் மயங்கிய நாயிடமும் இதைச் செய்யவே கூடாது. பழகிவிட்டால் ஓட்டம் முடிந்து வாசலுக்கு வந்ததும் அதுவே பாத்திரத்தைத் தேடிப் போகும்.

ஓட வேண்டாத நாள்கள்

மலேசிய வானிலை ஆய்வுத் துறை வெப்ப எச்சரிக்கையை மூன்று கட்டமாக வெளியிடுகிறது. தொடர்ந்து மூன்று நாள் உச்ச வெப்பம் 35 முதல் 37 டிகிரி வரை போனாலே முதல் கட்டம். உங்கள் வட்டாரத்துக்கு அந்த முதல் கட்டம் வந்தால்கூட நாயோடு ஓட வேண்டாம். புகைமூட்ட நாள்களில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினாலும் அப்படியே. இடி இடித்தால் கேட்கவே வேண்டாம்.

அந்த நாள்களில் நாய்க்கு வேறு வேலை கொடுங்கள். விடிகாலையில் இருபது நிமிடம், நாய் விரும்பிய இடத்திலெல்லாம் நின்று மோப்பம் பிடிக்கும்படி மெல்ல நடங்கள். மோப்பம் பிடிப்பதே அதற்கு நல்ல களைப்பைத் தரும். வீட்டுக்குள் பழைய துண்டில் தின்பண்டத்தைச் சுருட்டி ஒளித்து வைத்துத் தேட விடலாம்.

ஓடிய நாளானாலும் நடந்த நாளானாலும் வீட்டுக்கு வந்ததும் பாதங்களைக் கழுவித் துடைத்து, தோல் உரிந்திருக்கிறதா, கொப்புளம் இருக்கிறதா என்று விரல் இடுக்குவரை பாருங்கள். அப்படியே காதின் உள்புறத்தையும் அக்குளையும் தடவி உண்ணி இருக்கிறதா என்று தேடுங்கள். புல்லில் போய் வந்த நாளில் கட்டாயம் ஒன்றிரண்டு இருக்கும்.